சிப்பிப் பார்: அழிவும் மீட்பும்

தொல்காப்பிய மரபியலைப் படித்த அன்பர்களுக்கு, உயிர்களை அறிவின் படிநிலையால் ஆசிரியர் பகுக்கும் இடம் நினைவிருக்கும். புல்லையும் மரத்தையும் ஓரறிவில் வைத்தவர், அடுத்த படியில் நந்தையும் முரளையும் வைக்கிறார். நந்து என்பது சங்கு, நத்தை இனம். முரள் என்பதற்குச் சிப்பி இனம் என்றே உரைகாரர்கள் பொருள் கண்டனர். எங்கள் சமண நூல்களும் சங்கு, சிப்பி ஆகியவற்றைத் தொடுதலும் சுவைத்தலும் மட்டுமே உடைய ஈரறிவுயிர்கள் என்றுதான் எண்ணுகின்றன. யார் யாரிடமிருந்து பெற்றார்கள் என்ற வழக்கை அறிஞர்களுக்கு விட்டுவிடுவோம். நான் எடுத்துக்கொண்ட பொருள் அந்த ஈரறிவுயிரே. அது கடலுக்கடியில் கட்டிய வீடு, அந்த வீட்டை மனிதன் இடித்த கதை, இப்போது அவனே மறுபடி கட்டிக் கொடுக்க முயலும் கதை.

"நாம அதைத் தொடறதே இல்லையே, நமக்கு எதுக்கு இந்த ஆராய்ச்சி?" என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். வந்தவாசிப் பக்கத்திலிருந்து வந்து மும்பையில் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சுண்ணாம்பும் பெயிண்டும் விற்றவன் நான். கல் சுண்ணாம்பைவிடக் கிளிஞ்சல் சுண்ணாம்பு வெண்மையானது என்று கேட்டு வாங்கும் வாடிக்கையாளர்கள் எனக்கு உண்டு. ஆகவே உள்ளே இருந்த உயிர் போன பிறகும் ஓட்டுக்கு ஒரு விலை உண்டு என்பது எனக்குத் தெரியும். அந்த விலைதான் இந்தக் கதையில் பாதி.

பார் என்றால் என்ன?

தூத்துக்குடிக் கடலோர மக்கள் முத்துச்சிப்பி விளையும் கடலடி மேட்டைப் 'பார்' என்பார்கள். முத்துப்பார் என்ற சொல்லை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். அமெரிக்காவில் மேரிலாந்து மாநிலத்து மீனவர்களும் தங்கள் சிப்பி மேட்டை 'ஆய்ஸ்டர் பார்' என்றே சொல்கிறார்கள். இது வெறும் ஒலி ஒற்றுமை. இதை வைத்துச் சொல்லாராய்ச்சி செய்ய வேண்டியதில்லை. ஆனால் நமக்கு ஒரு நல்ல சொல் தயாராக இருக்கும்போது புதிதாக எதற்கு? சிப்பிப் பார் என்றே சொல்வோம்.

ஒரு வேறுபாடு மட்டும் சொல்ல வேண்டும். முத்துச்சிப்பி கடலடிப் பாறையில் நார் போன்ற இழையால் பற்றிக்கொள்ளும். நான் சொல்ல வருவது உண்ணும் சிப்பி. நம் ஊரில் ஆளி என்றும் சொல்வர். இது தன் ஓட்டையே சிமென்ட் வைத்தது போல் ஒட்டிக்கொள்ளும் இனம். எதன்மேல் ஒட்டும் என்பதுதான் முக்கியமான செய்தி.

பெண் சிப்பி ஒரு பருவத்தில் கோடிக்கணக்கில் முட்டைகளை நீரில் விடும். அதிலிருந்து வரும் கண்ணுக்குத் தெரியாத குஞ்சு இரண்டு மூன்று வாரம் நீரோட்டத்தில் அலையும். கடைசி நாட்களில் அதற்கு ஒரு கண்புள்ளியும், ஊர்ந்து பார்க்க ஒரு கால் போன்ற தசையும் முளைக்கும். அந்தக் காலால் தொட்டுத் தொட்டு இடம் தேடும். ஓட்டின்மேல் படிந்த நுண்ணுயிர்ப் படலமும், மூத்த சிப்பிகள் நீரில் விடும் வேதிப்பொருளும் அதற்கு "இங்கே வா" என்று அழைப்பு. இடம் பிடித்துப்போனால் ஒட்டிக்கொள்ளும். பிறகு காலும் வேண்டாம், கண்ணும் வேண்டாம், இரண்டும் மறைந்துவிடும். ஆயுள் முழுவதும் அங்கேயேதான். தொட்டும் சுவைத்தும் வீடு தேடுகிற இந்தச் செய்தியை நுண்ணோக்கி வைத்திருந்தவர்கள் எழுதிப் படித்தபோது, அந்தப் பழைய 'ஈரறிவு' என்ற சொல் எனக்கு வேறு வெளிச்சத்தில் தெரிந்தது.

சேற்றில் விழுந்த குஞ்சு மூச்சடைத்துச் சாகும். கெட்டியான இடம் வேண்டும். கழிமுகத்தின் சேற்றுத் தரையில் கெட்டியான இடம் எது? செத்துப்போன சிப்பியின் ஓடுதான். தாத்தாவின் ஓட்டின்மேல் அப்பன், அப்பன் ஓட்டின்மேல் மகன் என்று தலைமுறை தலைமுறையாக அடுக்கி, ஆயிரக்கணக்கான ஆண்டுகளில் உயர்ந்ததே சிப்பிப் பார். மேலே உயிருள்ள சிப்பிகள் ஒரு மெல்லிய அடுக்கு. கீழே முழுவதும் முன்னோர் சொத்து.

இந்தப் பாரின் இடுக்குகளில் நண்டு, புழு, இறால், சிறு மீன் எல்லாம் குடியிருக்கும். அவற்றைத் தேடிப் பெரிய மீன் வரும். அலையின் வேகம் பாரில் மோதித் தணியும். சிப்பியோ நீரை உறிஞ்சி, அதிலுள்ள பாசித் துகளைத் தின்று, மிச்ச அழுக்கைச் சளியில் உருட்டித் தரையில் போட்டுவிட்டுத் தெளிந்த நீரை வெளியே விடும். சூழ்நிலை நன்றாக அமைந்தால் வளர்ந்த சிப்பி ஒன்று ஒரு நாளில் 190 லிட்டர் வரை வடிகட்டும்.

செசபீக் விரிகுடா: ஒரு வியாபாரம் நொடித்த கதை

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் மேரிலாந்து, வர்ஜீனியா மாநிலங்களுக்கு இடையே சுமார் 320 கிலோமீட்டர் நீளத்துக்கு உள்வாங்கிய நீர்ப்பரப்பு செசபீக் விரிகுடா. வாஷிங்டன், பால்டிமோர் பக்கம் நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் வேலை பார்க்கிறார்கள். நம்மில் பலர் அந்தப் பாலங்களைக் காரில் கடந்திருப்போம். அடியில் இருந்தது உலகிலேயே பெரிய சிப்பி வளங்களில் ஒன்று.

உள்நாட்டுப் போர் முடிந்த 1865ஆம் ஆண்டையொட்டி, இரும்புப் பல் வைத்த வாரியைப் பாய்மரப் படகில் கட்டி இழுத்துச் சிப்பி அள்ளும் முறைக்கு மேரிலாந்து அனுமதி கொடுத்தது. இரயில் வந்தது, டப்பாவில் அடைக்கும் தொழில் வந்தது. நாடு முழுவதும் சந்தை. 1868இல் சட்ட மீறலைத் தடுக்க மேரிலாந்து 'சிப்பிக் கடற்படை' என்றே ஒன்றை அமைக்க வேண்டியதாயிற்று. படகுக்காரர்களுக்கும் அதற்கும் துப்பாக்கிச் சண்டை நடந்தது என்றால் பணம் எவ்வளவு புரண்டது என்று பார்த்துக்கொள்ளுங்கள். 1880களின் நடுவில் மேரிலாந்தில் மட்டும் ஓராண்டில் சுமார் 1.5 கோடி புஷல் சிப்பி எடுக்கப்பட்டது. அங்கே ஒரு புஷல் என்பது ஏறத்தாழ 46 லிட்டர் கொள்ளும் கூடை.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த வில்லியம் கீத் புரூக்ஸ் என்ற உயிரியல் அறிஞர் 1891இல் சிப்பியைப் பற்றித் தனி நூலே எழுதி, இப்படியே போனால் பார் அழியும், விதைத்து அறுக்கும் முறைக்கு மாறுங்கள் என்று எச்சரித்தார். கேட்பார் இல்லை. 2003-04 பருவத்தில் மேரிலாந்தில் கிடைத்தது சுமார் 26 ஆயிரம் புஷல். 1.5 கோடி எங்கே, 26 ஆயிரம் எங்கே!

வியாபாரி பாஷையில் சொல்கிறேன். வட்டியைச் செலவு செய்தால் குடும்பம் நடக்கும். மூலதனத்தில் கை வைத்தால் கடை மூடும். செசபீக்கில் அவர்கள் அள்ளியது சிப்பியை மட்டும் அன்று. சிப்பியோடு அது ஒட்டியிருந்த ஓடும் படகேறியது. அந்த ஓட்டைச் சுட்டுச் சுண்ணாம்பாக்கினார்கள், சாலைக்கும் இரயில் பாதைக்கும் கொட்டினார்கள், அரைத்துக் கோழிக்குத் தீவனமாகப் போட்டார்கள். ஒன்றும் கடலுக்குத் திரும்பவில்லை. அடுத்த தலைமுறை உட்கார வேண்டிய தரை அது. வாரியின் பற்கள் உயர்ந்திருந்த பாரைச் சீவித் தட்டையாக்க, தட்டையான பாரின்மேல் சேறு படிந்தது. முதலுக்கே மோசம் என்பார்களே, அது இதுதான்.

நலிந்தவன்மேல் நோயும் வரும். 1949இல் 'டெர்மோ', 1959இல் 'எம்எஸ்எக்ஸ்' என்ற இரண்டு ஒட்டுண்ணி நோய்கள் விரிகுடாவில் கண்டறியப்பட்டன. மனிதருக்கு ஒன்றும் செய்யாது. சிப்பியைக் கொத்துக் கொத்தாகக் கொல்லும். வயல்களிலிருந்து வழிந்த உரமும் நகரச் சாக்கடையும் பாசியைப் பெருக்கின. அந்தப் பாசியைத் தின்னச் சிப்பி இல்லை. ரோஜர் நியூவெல் என்ற ஆய்வாளர் 1988இல் ஒரு கணக்குப் போட்டார். 1870க்கு முன்பிருந்த சிப்பிகள் விரிகுடாவின் நீர் முழுவதையும் மூன்று நான்கு நாளில் வடிகட்டியிருக்க முடியும். எஞ்சியிருந்த சிப்பிகளுக்கு அதே வேலைக்கு ஏறக்குறைய ஓர் ஆண்டு ஆகும் என்பது அவர் மதிப்பீடு. இது செசபீக்கோடு நிற்கவில்லை. உலக அளவில் சிப்பிப் பார்களில் 85 விழுக்காடு அழிந்துவிட்டதாக 2011இல் வெளிவந்த பன்னாட்டு ஆய்வு ஒன்று மதிப்பிட்டது.

மீட்பு: ஓட்டைத் திருப்பிக் கொடு

ஒரு குறுக்குவழியும் யோசித்தார்கள். நோய் தாங்கும் ஆசியச் சிப்பி இனம் ஒன்றைக் கொண்டுவந்து விட்டுவிடலாமா என்று பல ஆண்டு ஆராய்ந்து, 2009இல் வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். புதிய உயிர் புதிய வினையையும் கொண்டுவரலாம். சொந்த இனத்தையே மீட்பது என்று தீர்மானமாயிற்று.

மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹார்ன் பாயிண்ட் ஆய்வுக்கூடம் கேம்பிரிட்ஜ் என்ற சிற்றூரில் இருக்கிறது. அங்கே தாய்ச் சிப்பிகளுக்கு நீரின் சூட்டைச் சற்று உயர்த்திக் கோடையைப் போல் காட்டுவார்கள், அவை முட்டையிடும். குஞ்சுகளைப் பாசி கொடுத்து வளர்த்து, கண்புள்ளி வந்ததும், கழுவிய பழைய ஓடுகள் நிறைந்த தொட்டிகளில் விடுவார்கள். குஞ்சுகள் ஓட்டில் அமர்ந்துகொள்ளும். ஓர் ஓட்டில் பல குஞ்சுகள். அந்த ஓடுகளைப் படகில் ஏற்றித் தேர்ந்தெடுத்த இடத்தில் நீரில் தள்ளுவார்கள். நாற்றங்காலில் விட்டு நடுவது போலத்தான்.

ஹாரிஸ் க்ரீக் என்ற சிற்றாற்றில் 2011 முதல் 2015 வரை இந்த வேலை பெரிய அளவில் நடந்தது. சுமார் 350 ஏக்கர் பார், 200 கோடிக்கும் மேற்பட்ட விதைச் சிப்பி. 2014இல் மாநிலங்களும் நடுவண் அரசும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், 2025க்குள் 10 ஆறுகளில் பார்களை மீட்பதென்று இலக்கு வைத்தார்கள். அது எட்டப்பட்டது.

'மீட்டோம்' என்று வாயால் சொன்னால் போதாது என்று முன்கூட்டியே ஓர் அளவுகோலும் வைத்திருந்தார்கள். அது எனக்குப் பிடித்த செய்தி. பாரின் பரப்பில் குறைந்தது 30 விழுக்காட்டில், சதுர மீட்டருக்கு 15 சிப்பியாவது இருந்தால் தேர்ச்சி. 50 இருந்தால் முழு வெற்றி. எண்ணிக்கை மட்டும் போதாது, வெவ்வேறு வயதுச் சிப்பிகளும் இருக்க வேண்டும். மூன்றாம் ஆண்டும் ஆறாம் ஆண்டும் இறங்கி எண்ண வேண்டும். கணக்கு எழுதாத கடை எந்தக் கடை?

மக்கள் பங்கு

இத்தனைக்கும் முட்டுக்கட்டை எது தெரியுமா? குஞ்சு அன்று, பணம்கூட அன்று. ஓடு! நூறாண்டு காலம் ஓட்டை வீசி எறிந்த ஊரில் ஓட்டுக்குப் பஞ்சம். புளோரிடாவிலிருந்து புதைபடிவ ஓட்டை இரயிலில் வரவழைத்தார்கள், கருங்கல்லையும் போட்டுப் பார்த்தார்கள். சிப்பி மீட்புக் கூட்டமைப்பு என்ற தொண்டு நிறுவனம் 2010 முதல் உணவு விடுதிகளில் ஓடு சேகரிக்கிறது. சாப்பிட்டு முடித்த தட்டிலிருந்து ஓடு தனி வாளிக்குப் போகும்; வண்டி வந்து எடுத்துப் போகும். கொடுப்பவர்களுக்கு மேரிலாந்து அரசு வருமான வரியில் சலுகையும் தருகிறது. குப்பைக்கு விலை வைத்தவுடன் அது குப்பையாக இருப்பதில்லை. எங்கள் தொழிலில் இது அரிச்சுவடி.

2008இல் மேரிலாந்தில் இன்னொரு திட்டம் தொடங்கினார்கள். ஆற்றங்கரையில் வீடும் படகுத்துறையும் உள்ளவர்களுக்குக் குஞ்சு ஒட்டிய ஓடுகளைக் கம்பிக் கூண்டில் கொடுப்பார்கள். அவர்கள் அதைத் துறையில் தொங்கவிட்டு, அவ்வப்போது குலுக்கிச் சேறு போக்கி, ஓராண்டு போல வளர்த்துத் திருப்பித் தர வேண்டும். பிறகு அவை மீன்பிடி தடை செய்யப்பட்ட பாரில் சேரும். 2018இல் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது அப்படி ஒரு துறையைப் பார்த்தேன். ஓய்வு பெற்ற மனிதர் ஒருவர் கூண்டைத் தூக்கிக் காட்டினார். விரல் நகம் அளவு சிப்பிகள், அவற்றுக்கிடையே கடுகு போல ஒரு நண்டு. "இவற்றை நீங்கள் சாப்பிடுவதில்லையா?" என்று மகள் மூலம் கேட்டேன். இவை சாப்பிடுவதற்கு அல்ல என்று சிரித்தார். திரும்பும் வழியில் மகள் சொன்னாள், "அப்பா, கன்னுக்குட்டிய வளத்து கோசாலைக்கு விடற மாதிரி இருக்குல்ல?" அதைவிடப் பொருத்தமாக நான் சொல்லிவிட முடியாது.

நியூயார்க் துறைமுகத்தில் கதை இன்னும் சுவையானது. சாக்கடை கலந்து நீர் கெட்டதால் அங்கே கடைசிச் சிப்பிப் படுகைகள் 1927இல் மூடப்பட்டன. 1972இல் வந்த நீர்த்தூய்மைச் சட்டத்துக்குப் பிறகு நீர் மெல்லத் தெளிந்தது. கவர்னர்ஸ் தீவில் உள்ள துறைமுகப் பள்ளியிலிருந்து பிறந்தது 2014இல் தொடங்கிய 'நூறு கோடிச் சிப்பித் திட்டம்'. முர்ரே ஃபிஷரும் பீட் மாலினோவ்ஸ்கியும் நிறுவியது. 2035க்குள் 100 கோடிச் சிப்பியைத் துறைமுகத்துக்குத் திருப்பித் தருவது நோக்கம். நகரத்து விடுதிகளின் ஓடு மலை மலையாகத் தீவில் குவிந்து, ஓராண்டு வெயிலிலும் மழையிலும் கிடந்து சுத்தமாகும். பள்ளிப் பிள்ளைகள் குஞ்சு வளர்க்கிறார்கள், முக்குளிக்கிறார்கள், அளவெடுத்து எழுதுகிறார்கள். அந்தத் துறைமுகச் சிப்பியை உண்ணக் கூடாது. நீர் இன்னும் அதற்குத் தகுதியாகவில்லை. அதாவது தாங்கள் ஒருபோதும் வாயில் வைக்கப் போகாத ஒன்றுக்காகப் பிள்ளைகள் உழைக்கிறார்கள்.

மறுபக்கம்

எல்லாம் சுமுகமாக நடந்தது என்று எழுதினால் அது விளம்பரம் ஆகிவிடும். 2010இல் மேரிலாந்து, தன் சிப்பிப் படுகைகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைப் பிடிக்கத் தடை செய்த காப்பிடமாக்கியது. தலைமுறையாகச் சிப்பியும் நண்டும் பிடித்து வாழும் படகுத் தொழிலாளர்கள் எதிர்த்தார்கள். நல்ல இடத்தையெல்லாம் பூட்டிவிட்டால் நாங்கள் எங்கே போவது என்பது அவர்கள் கேள்வி. ஹாரிஸ் க்ரீக்கில் சில கல் மேடுகள் திட்டமிட்டதைவிட உயரமாக அமைந்து படகின் அடி தட்டியதும், நண்டு பிடிக்கும் கயிறு கல்லில் சிக்கியதும் அவர்கள் கோபத்தை வளர்த்தன. பொதுப் படுகையில் ஓடு போடக்கூடிய பணத்தை ஏன் கல்லில் போடுகிறீர்கள் என்றும் கேட்டார்கள்.

இவர்களை வில்லன்களாக்க எனக்கு மனம் வரவில்லை. 1880களில் கொள்ளை இலாபம் பார்த்தவர்கள் வேறு. இன்று காத்திருக்கச் சொல்லப்படுபவர்கள் வேறு. தாத்தா வாங்கிய கடனைப் பேரன் கட்டும்போது, பேரனை ஏளனம் செய்வது முறையல்ல. ஆனால் கடன் கடன்தான். இந்தச் சிப்பிகளில் பெரும்பாலானவை ஆணாகத் தொடங்கி, வயதானபின் பெண்ணாக மாறுபவை. சந்தைக்குப் பிடிப்பது பெரியவற்றை. அப்படியானால் ஓரிடத்திலாவது கை வைக்காமல் விட்டால்தான் தாய்ச் சிப்பிகள் மிஞ்சும். அவற்றின் குஞ்சுகள் நீரோட்டத்தில் தடை இல்லாத படுகைக்கும் போய்ச் சேரும். காப்பிடம் என்பது பூட்டிய பெட்டி அன்று, நாற்றங்கால். ஆயினும் அந்த நாற்று முளைக்கும்வரை பேரன் வீட்டு அடுப்பு எரிய வழி சொல்ல வேண்டியதும் அரசின் கடமை. படகுக்காரர்களையே கூலி கொடுத்து ஓடு கொட்டும் வேலையில் சேர்த்த இடங்களில் பேச்சு சற்று இளகியது இதனால்தான்.

நம் கரை

நம் மன்னார் வளைகுடாவிலும் இதற்கு உறவான கதை உண்டு. பழந்தமிழர் புகழ்பெற்றது முத்தால். பிற்காலத்தில் அரசு மேற்பார்வையில் முத்துக் குளித்தபோதுகூட, முன்னதாகப் பாரில் இறங்கி மாதிரி எடுத்து, சிப்பி வயதும் எண்ணிக்கையும் பார்த்தே குளிப்புக்கு நாள் குறிப்பார்கள். குளிப்பு இல்லாத ஆண்டுகளே அதிகம். அப்படியும் தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை நடந்த தொடர் குளிப்போடு அந்த மரபு நின்றுபோயிற்று. தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தினர் 1973இல் செயற்கை முறையில் முத்து விளைவித்தும், 1981இல் முத்துச்சிப்பிக் குஞ்சுகளைத் தொட்டியில் பிறப்பித்தும் காட்டினார்கள். பிறகு குஞ்சுகளைக் கடலிலும் விட்டுப் பார்த்தார்கள். 1986இல் அங்குள்ள தீவுகள் கடல்வாழ் தேசியப் பூங்காவாகின. பிறப்பிக்கத் தெரிந்துவிட்டது. இனி அது அமர்ந்து பெருகத் தரையும் அமைதியும் வேண்டும். மேரிலாந்துக்காரர்கள் கற்ற பாடமும் அதுவே.

முடிவாக

வெளி மாநிலத்தில் குடியேறிய நமக்கு இந்தச் சிப்பியின் வாழ்க்கை அந்நியமானது அல்ல. நீரோட்டம் கொண்டுபோய்ச் சேர்த்த இடத்தில், முன்னே வந்தவர்கள் போட்டுவைத்த தரையில்தான் நாமும் காலூன்றினோம். நமக்கு முன் வந்தவர்கள் வாடகை அறையில் தொடங்கிய சங்கம், நூலகம், தமிழ் வகுப்பு எல்லாம் அந்தத் தரைதான். அதை விற்றுத் தின்னவும் முடியும், அதன்மேல் ஓர் அடுக்கு சேர்க்கவும் முடியும்.

சிப்பியை உண்பவர்கள் ஓட்டைத் திருப்பிக் கொடுக்கட்டும். உண்ணாதவர்களுக்கும் வேலை இருக்கிறது. அமெரிக்காவில் இருக்கும் பிள்ளைகள் ஒரு சனிக்கிழமை ஓடு கழுவப் போகலாம், ஒரு கூண்டை வளர்க்கலாம். இங்கே இருப்பவர்கள் விடுமுறைக்கு ஊர் போகும்போது பேரப்பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துப்போய், கையிலெடுத்த ஓட்டை, "இது குப்பை இல்லடா, இன்னொருத்தர் வீட்டுக் கடைக்கால்" என்று சொல்லித் திரும்ப நீரில் போடச் சொல்லலாம். இரண்டே அறிவு உள்ள உயிர் தன் பிள்ளைகளுக்குத் தரையை விட்டுச் செல்கிறது. ஆறறிவு உள்ளவர்கள் அதற்குக் குறைவாகச் செய்யலாகாது.